நாலால் வகுத்தவர்

“பிரிங்க! முதல்ல அந்த மேசைங்களைப் பிரிங்க!”

சொல்லிக்கொண்டே அவள் குனிந்து மேசைக்காலைப் பிடித்து இழுத்தாள். வெள்ளை விரிப்பு சரிந்தது. அடுக்கி வைத்திருந்த கண்ணாடித் தம்ளர்கள் கிணுகிணுத்தன. கேட்டரிங் சூப்பர்வைசர் பாய்ந்து வந்து தம்ளர் அடுக்கைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டார்.

“மேடம், மேடம்! ஒரே வரிசையா போட்டாத்தான் பரிமாற வசதி. பதினாறு பேர்தானே? இந்தப் பக்கம் எட்டு, அந்தப் பக்கம் எட்டு. பந்தி மாதிரி ஜம்முனு இருக்கும்.”

“ஜம்முனு இருக்க வேண்டாம். நாலு மேசை வேணும். ஒவ்வொண்ணுலயும் நாலு நாற்காலி. ஒண்ணோட ஒண்ணு ஒட்டக் கூடாது.”

“ஒட்டினா என்ன மேடம், ஷாக் அடிச்சுடுமா?”

“எனக்கு அடிக்கும்.”

வெளியே ஹாரன் சத்தம். ஜன்னலில் நின்றிருந்த மகள் திரும்பினாள்.

“அம்மா, வேன் கேட்டுக்குள்ள வந்துடுச்சு. முன் சீட்டுல தாடி அங்கிள். இறங்கறதுக்கு முன்னாடியே சிரிக்க ஆரம்பிச்சுட்டார்.”

“சிரிக்கட்டும். நீ அந்தக் கடைசி மேசையைப் பிடி. அவசரத்துல அண்டாவுக்குள்ள கூட கை போகாதுங்கறது சரியாத்தான் இருக்கு.”

மகள் ஒரு முனை, சூப்பர்வைசர் ஒரு முனை. தரையில் மேசை கிறீச்சிட்டது. அவள் மேல்மூச்சு வாங்க ஒவ்வொரு தட்டின் பக்கத்திலும் ஒரு பெயரட்டையை வைத்துக்கொண்டே ஓடினாள். கடைசி அட்டையை வைத்து நிமிர்ந்தபோது வாசலில் செருப்புச் சத்தமும், அதற்கு முன்னால் சிரிப்புச் சத்தமும் வந்துவிட்டன.

“சைபர்! எங்கே எங்க சைபர்?”

அவளைத்தான் கூப்பிட்டார்கள். வெளியுலகத்தில் அவள் ஓய்வுபெற்ற கணிதப் பேராசிரியை. பேரும் பட்டமும் பெரிதாக உண்டு. ஆனால் இந்த ஆராய்ச்சி நிலையத்தின் சாப்பாட்டு ஹாலுக்குள் அவள் சைபர்தான். முப்பது வருஷமாக.

அந்தப் பெயர் வந்த கதை சின்னது. முப்பது வருஷத்துக்கு முன்னால், ஒரு கோடையில், இதே நிலையத்தில் ஐந்து நாள் பயிலரங்கம். பதினாறு இளம் ஆராய்ச்சியாளர்கள். பாதிப் பேர் வடிவியல்காரர்கள்; புள்ளி, கோடு, தளம் என்று பேசுகிறவர்கள். மீதிப் பேர் குறியீட்டுக்காரர்கள். அதாவது, அனுப்பும் செய்தி வழியில் கெட்டுப்போனாலும் போய்ச் சேரும் இடத்தில் சரிசெய்துகொள்ள வழி கண்டுபிடிக்கிறவர்கள். இரண்டு கூட்டமும் பேசிக்கொள்ளாது. எண்ணெயும் தண்ணீரும்தான்.

அன்றைய நிலையத் தலைவர் ஒரு கட்டளை போட்டார். தினமும் மதியம் நாலு மேசை, மேசைக்கு நாலு பேர். ஐந்து நாள் முடியும்போது, பதினாறு பேரில் எந்த இருவரை எடுத்தாலும் அவர்கள் ஒரே ஒரு தடவை சேர்ந்து சாப்பிட்டிருக்க வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

கேட்டால் தலை சுற்றும். ஆனால் கணக்குக்காரர்களுக்கு இது தெரிந்த சங்கதி. ஆட்களைப் புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். மேசைகளைக் கோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த இரண்டு புள்ளிக்கும் ஒரே ஒரு கோடு. ஒரே நாளில் போடுகிற நாலு மேசையும் இணைகோடுகள், ஒன்றையொன்று தொடாது. இப்படி எண்ணி முடிக்கக்கூடிய புள்ளிகள் மட்டுமே உள்ள தளத்துக்கு முடிவுள்ள அஃபைன் தளம் என்று பெயர்.

அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டவர் குறியீட்டுக் கூட்டத்தில் ஒருவர். ஒடிசலான ஆள், கண்ணாடிக்குப் பின்னால் எப்போதும் எதையோ எண்ணிக்கொண்டிருக்கும் கண்கள். பயிலரங்கத்துக்கு முந்தைய மாலையில் வாசலில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் தன் கையால் செய்த பேட்ஜைக் கொடுத்துக்கொண்டிருந்தார். வட்டமான அட்டை, நடுவில் வரிசையாக நாலு சின்ன வட்டம். சிலருக்கு அவற்றில் ஒன்று மையால் நிரப்பியிருக்கும், சிலருக்கு இரண்டு, மூன்று. ஓரத்தில் ஒரு வண்ண நூல் சுற்றியிருக்கும்.

கடைசியாகப் போய் நின்றவள் அவள்தான். அவளுக்கு வந்த பேட்ஜில் நாலும் காலி. நூலும் வெள்ளை.

“என்னங்க இது? எல்லாருக்கும் கறுப்புப் புள்ளி இருக்கு. எனக்கு மட்டும் ஒண்ணுமே இல்லை. நான் என்ன சைபரா?”

“சைபர் இல்லாம எந்தக் கணக்கை எங்கே தொடங்கறதுங்க?” என்று அவர் நிமிராமலே சொன்னார்.

பின்னால் நின்றவர்கள் காதில் அது விழுந்துவிட்டது. அன்றோடு அவள் சைபர். அதற்குப் பிறகு அவள் ஏதோ சொன்னாள், அவர் பேட்ஜின் பின்புறத்தில் செருகிக்கொண்டிருந்த ஊசியை விரலில் குத்திக்கொண்டார். என்ன சொன்னாள்? அது அவளுக்கே மறந்துவிட்டது. விரல் நுனியில் திரண்ட ரத்தப் பொட்டு மட்டும் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

மறுநாள் மதியம் சுவரில் உட்காரும் பட்டியல் ஒட்டியிருந்தது. அவள் மேசையில் அவர், விரலில் பிளாஸ்திரியோடு. ஸ்பூனைப் பிடிக்க முடியாமல் தடுமாறினார். மூன்றாம் நாள் மதியம் பார்த்தால் அவள் மேசையில் மறுபடியும் அவர்!

“ஒரு தடவைதானே வரணும்? நீங்க ரெண்டாவது தடவை வந்திருக்கீங்க” என்றாள்.

“அப்படியா? எங்கேயோ இடிக்குது போல” என்று தலையைச் சொறிந்தார்.

எங்கே இடிக்கிறது என்று சாப்பாடு ஆறுவதற்குள் அவளே கண்டுபிடித்துவிட்டாள். மனிதர் நாலால் வகுத்து மீதியை எடுத்துக் கணக்குப் போட்டிருந்தார். ஐந்துக்கும் ஏழுக்கும் அது பலிக்கும், ஏனென்றால் அவை பகா எண்கள். நாலுக்குப் பலிக்காது. இரண்டையும் இரண்டையும் பெருக்கினால் நாலு, நாலை நாலால் வகுத்தால் மீதி பூஜ்யம். பூஜ்யமல்லாத இரண்டு எண்கள் சேர்ந்து பூஜ்யத்தைப் பெற்றெடுத்தால் கோடுகளெல்லாம் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். ஒவ்வொருவருக்கும் இரண்டு பேர் இரண்டு தடவை வருவார்கள், இரண்டு பேர் வரவே மாட்டார்கள்.

“நாலு பகா எண்ணா சார்? முதல் வருஷப் பையன்கூட இந்தத் தப்பைப் பண்ண மாட்டானே!”

“ஆமால்ல? சே!” என்றார் அவர். முகம் சிவந்துபோயிற்று.

அவள் சும்மா இருந்திருக்கலாம். பக்கத்து மேசைக்கும் சொன்னாள். அன்று மாலைக்குள் பயிலரங்கம் முழுக்கப் பரவிவிட்டது. தப்பைத் திருத்துகிற விஞ்ஞானத்தைப் படித்தவன் சாப்பாட்டு மேசையிலேயே தப்புப் பண்ணிவிட்டான்! அன்றோடு அவருக்குப் பெயர் ‘மீதி’. மறு வருஷம் சைபருக்கும் மீதிக்கும் கல்யாணம் என்று அழைப்பிதழ் போனபோது, “கூட்டினாலும் மீதி, கழிச்சாலும் மீதி” என்று தாடி தந்தி அடித்தார்.

எல்லாம் இனிப்பான நினைவுதான். போன வருஷம் வரைக்கும்.

போன வருஷம் அவர் போய்விட்டார். இரங்கல் கூட்டத்திலும் ஒருவர் எழுந்து நாலால் வகுத்த கதையைச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து அவருடைய மேசை முன்னால் உட்கார்ந்தபோது அந்தச் சிரிப்பு முள்ளாகக் குத்தியது. முப்பது வருஷம் உழைத்த மனிதருக்கு மிச்சம் இந்த ஒரு ஜோக்தானா? அதைக் கிளப்பிவிட்டவளும் அவள்தானே?

இப்போது நிலையத்தில் புதிதாக ஒரு சின்னக் கருத்தரங்கு அறை கட்டியிருக்கிறார்கள். அதற்கு அவர் பெயரை வைக்கலாம் என்று பேச்சு. அந்தப் பழைய பதினாறு பேரில் ஒருவர்தான் இன்றைய இயக்குநர். எந்நேரமும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதால் அவருக்குக் ‘கடிகாரம்’ என்று பெயர். போனில் அவர் சொன்னார்: “எனக்கு ஆட்சேபணை இல்லைம்மா. ஆனா கமிட்டியில ஒருத்தர், ‘நாலால வகுத்தவர் பேரையா வைக்கறது? கதவு நாலு தடவைக்கு ரெண்டு தடவைதான் திறக்கும்’னு சொல்றார். நம்ம ஆளுங்க பதினைஞ்சு பேரும் கூடி, ஒரே குரல்ல சிபாரிசு பண்ணினா நான் போட்டுடுவேன்.”

அதனால்தான் இந்தச் சந்திப்பு. இரண்டு நாள், ஐந்து வேளை, பழைய ஹால், பழைய ஆட்கள். இந்தத் தடவை பட்டியல் போடுவது அவள். ஒரு தப்பும் வரக்கூடாது. சரியான கணக்கில் எல்லாரையும் உட்கார வைத்து, பழைய ஜோக்குக்கு மங்களம் பாடிவிட்டு, கடைசி வேளையில் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். பதினாறாவது நாற்காலிக்கு மகள். அப்பாவின் இடத்தில் அவள்.

முதல் வேளை சுமுகமாகத் தொடங்கியது. அதாவது, தாடி வாயைத் திறக்கும் வரை.

தாடிக்கு இப்போது தாடி இல்லை. தலையிலும் ஒன்றும் இல்லை. பெயர் மட்டும் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. வடிவியலில் பெரிய புலி.

“பட்டியல் எப்படிப் போட்டே சைபர்? வகுத்தா, பெருக்கியா?”

“உன் வழியிலதான் போட்டேன். இருபத்தொரு புள்ளி, இருபத்தொரு கோடு இருக்கற புரொஜெக்டிவ் தளத்தை எடுத்துக்கிட்டேன். அதுல ஒரு கோட்டைத் தூக்கிட்டேன். அதோட அஞ்சு புள்ளி போச்சு. பாக்கி பதினாறு.”

“அடி சக்கை! அடிவானத்தையே வெட்டி எறிஞ்சுட்டியா?”

மகள் விழித்தாள். “அடிவானமா? அது எங்கே வந்தது அங்கிள்?”

“தண்டவாளத்தைப் பாத்திருக்கியா? இங்கே நின்னு பாத்தா இணையா ஓடும். தூரத்துல ஒரு புள்ளியில சேர்ற மாதிரி தெரியும். நாங்க ‘தெரியும்’னு விட மாட்டோம். நிஜமாவே சேருதுன்னு வெச்சுக்குவோம். ஒரு வேளைக்குப் போடற நாலு மேசையும் இங்கே ஒட்டாது, ஆனா தொலைவுல ஒரு புள்ளியில சந்திச்சுக்கும். அஞ்சு வேளைக்கு அஞ்சு புள்ளி. அந்த அஞ்சையும் சேர்த்தா அடிவானம்.” ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். “உங்கப்பன் மட்டும் அன்னைக்கு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே போட்டுக் குடுத்திருப்பேன். நாலால வகுத்தானே மகராசன்! அஞ்சு நாள்ல உங்கம்மாவோட எனக்கு ஒரு வேளைகூடக் கிடைக்கல. வரவே வராத ரெண்டு பேர்ல நான் ஒருத்தன். அவனுக்கு மட்டும் ரெண்டு வேளை!”

மேசை குலுங்கச் சிரிப்பு. அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள்தான் பேச்சை மாற்றினாள். சுவரில் மாட்டியிருந்த பழைய குழுப் படத்தைக் காட்டினாள்.

“இதுல அப்பா இருக்கார், நீங்க இருக்கீங்க, அம்மாவைக் காணோமே?”

“கடைசி நாள் எடுத்தது. யாராவது ஒருத்தர் எடுக்கணும் இல்ல? உங்கம்மாதான் எடுத்தா” என்றார் தாடி.

அவள் வாயைத் திறப்பதற்குள் சூப்பர்வைசர் வந்து குனிந்தார். “மேடம், ராத்திரிக்கு மேசையைக் கலைக்கலாமா, இல்லை அப்படியே வெச்சிருக்கணுமா?”

“தொடாதீங்க!” என்று அவள் எழுந்து ஓடினாள்.

அடுத்த மூன்று வேளையும் ஒரு பிசிறில்லாமல் நடந்தன. யாரும் யாரோடும் இரண்டாம் தடவை உட்காரவில்லை. அவளுக்கே பெருமையாக இருந்தது. ஆனால் ஒன்றைக் கவனித்தாள்: கணக்கு எவ்வளவு சரியாகப் போயிற்றோ, அவ்வளவுக்கு ஜோக்கும் வளர்ந்தது. “பாத்தியா, மனைவிக்குத் தெரிஞ்சது புருஷனுக்குத் தெரியலையே!” என்று ஒவ்வொரு மேசையிலும் ஒருவர் சொன்னார். பாசமாகத்தான் சொன்னார்கள். அதுதான் வலித்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவள் அந்த மூடியைச் செய்யப் போய், அதைக் கிண்டுகிற கரண்டியாக்கிக் கொடுத்துவிட்டாள்.

இரண்டாம் நாள் மாலை, கடைசி டீக்கு முன்னால் புதிதாக ஒரு குழுப் படம் எடுப்பதாக ஏற்பாடு. எல்லாரும் பழைய பேட்ஜைக் குத்திக்கொண்டு நிற்க வேண்டும். பேட்ஜுகளையெல்லாம் அன்று ஒவ்வொருவரும் ஊருக்குக் கிளம்பும்போது திரும்ப வாங்கி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார் அவர். ஒரு காகிதத்தைத் தூக்கிப்போடாத மனிதர். டின்னை அவள் கொண்டுவந்திருந்தாள்.

மகள் மேசையில் கொட்டி எண்ணினாள். “பதினைஞ்சுதான் இருக்கு.”

“என்னோடது இருக்காது” என்றார் கடிகாரம். “அன்னைக்கு அவசரத்துல பாக்கெட்டுலயே போட்டுட்டுப் போயிட்டேன். சட்டை சலவைக்குப் போச்சு, பேட்ஜும் போச்சு. இப்ப மணி என்ன ஆச்சு தெரியுமா?”

“தெரியும் அங்கிள். அட்டையில புதுசா ஒண்ணு செஞ்சு தர்றேன். உங்களுக்கு எத்தனை கறுப்புப் புள்ளி?”

“யாருக்கும்மா ஞாபகம்? நூல் பச்சை. அது மட்டும் தெரியும்.”

மகள் ஒரு தொலைபேசி நிறுவனத்தில் சிக்னல் பிரிவில் வேலை பார்க்கிறவள். நாலு வட்டத்தைப் பார்த்ததும் அவள் கை தானாகவே பேட்ஜுகளை வரிசைப்படுத்தத் தொடங்கிவிட்டது. காலி, காலி, காலி, கறுப்பு. காலி, காலி, கறுப்பு, காலி.

“அம்மா, ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இல்லை. நாலு வட்டத்தை எத்தனை விதமா நிரப்பலாமோ, அத்தனையும் இருக்கு. பதினாறு விதம். உன்னோடது எல்லாம் காலி. இல்லாதது ஒண்ணே ஒண்ணுதான், நாலும் கறுப்பு. அப்போ அதுதான் கடிகாரம் அங்கிளோடது.”

“அழகுக்குப் போட்டிருப்பான்” என்றார் தாடி, நாற்காலியில் சாய்ந்தபடி.

“அழகுக்கா?” மகள் இரண்டு பச்சை நூல் பேட்ஜுகளை எடுத்தாள். ஒன்றில் முதல் வட்டமும் மூன்றாவதும் கறுப்பு. மற்றதில் இரண்டாவதும் நாலாவதும். “இது ரெண்டையும் கூட்டினா நாலும் கறுப்பு. அதாவது மூணாவது பச்சை.”

“தற்செயல். காக்கா உக்காந்தது, பனம்பழம் விழுந்தது.”

“சரி, ஊதாவைப் பாக்கலாம்.” இரண்டு ஊதாவை எடுத்தாள். “ரெண்டுலயும் கறுப்பா இருந்தா அடிச்சுடணும், அதானே எங்க வேலையில கூட்டல்? முதல் வட்டம் ரெண்டுலயும் கறுப்பு, போச்சு. கடைசியும் ரெண்டுலயும் கறுப்பு, போச்சு. நடுவுல ரெண்டு மட்டும் மிஞ்சுது. மூணாவது ஊதா யாரோடது?”

எண்ணும்போதே எடுத்துத் தன் சட்டையில் குத்தியிருந்த அப்பாவின் பேட்ஜைப் பார்த்தாள். ஊதா நூல். நடுவில் இரண்டு கறுப்பு.

சைபர் கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தாள். தாடியின் நாற்காலியின் முன்கால்கள் தடாலென்று தரைக்கு வந்தன.

“நகரு, நகரு!” வழுக்கைத் தலை மேசைமேல் கவிழ்ந்தது. “சிவப்பு மூணு. கூட்டு. சரி. மஞ்சள் மூணு. சரி. நீலம்... சரி! பதினைஞ்சு புள்ளி, அஞ்சு கோடு, ஒண்ணையொண்ணு தொடாம மொத்தத்தையும் மூடிடுச்சு. அட பாவி! இது என் சரக்கு! முப்பரிமாண புரொஜெக்டிவ் வெளி!”

“இல்லை” என்றாள் அவள். குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. “இது அவர் சரக்கு. காலி பேட்ஜையும் ஒரே கலர்ல இருக்கற மூணையும் சேர்த்தா, எந்த ரெண்டைக் கூட்டினாலும் அந்த நாலுக்குள்ளயே விழும். குறியீட்டுக்காரங்க இதை லீனியர் கோட்னு சொல்லுவாங்க. அஞ்சு கலர், அஞ்சு கோட்.”

ஹாலில் இருந்த மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்து வந்து மேசையைச் சூழ்ந்தார்கள். கணக்குக்காரர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. எந்த இருவர் பேட்ஜைக் கூட்டினாலும் ஒரு புள்ளிக்கோலம் வரும். அந்தக் கோலத்துக்கு ஒரு நிறம் உண்டு. அந்த நிறத்துக்குரிய நாளில் அந்த இருவரும் ஒரே மேசையில். ஒரே ஒரு நாள். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சைபருக்கு இன்னும் சுலபம். காலியோடு எதைக் கூட்டினாலும் அதுவேதான். எதிரே இருப்பவரின் நூலைப் பார்த்தாலே, அவரோடு தனக்கு என்றைக்குச் சாப்பாடு என்று அவளுக்குத் தெரிந்துவிடும். பதினைந்து பேரையும் அவர் அவளிலிருந்து எண்ணியிருந்தார்.

“பேட்ஜ் எப்ப குடுத்தான்?” என்றார் கடிகாரம்.

“முதல் நாளுக்கு முந்தின சாயங்காலம்.” தாடி நெற்றியைத் தேய்த்தார். “இப்ப ஞாபகம் வருது. என்கிட்ட குடுக்கும்போது, ‘கலரைப் பாத்து வெச்சுக்கோ, நாளைக்குச் சொல்றேன்’னான். நாளைக்குச் சொல்லவே இல்லை. கேட்டதுக்கு, ‘சும்மா டிசைன்’னுட்டான்.”

“அப்போ சரியான கணக்கு அவன் கையிலயே இருந்திருக்கு.”

“கையில என்ன கையில? நம்ம நெஞ்சு மேல குத்திவிட்டிருக்கான். முப்பது வருஷம் டின்னுக்குள்ள வேற பூட்டி வெச்சிருக்கான். நாம அவனுக்கு நாலாம் வாய்ப்பாடு சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்திருக்கோம்!”

யாரும் சிரிக்கவில்லை. மகள் சுவரில் இருந்த பழைய படத்தைக் கழற்றி எடுத்து வந்தாள். படத்தில் நிற்பவர்களுக்குப் பின்னால், பயிலரங்கத்துக்கு முன்பே அவர் எழுதி மாட்டிய ஒரு பலகை. அதில் ஐந்து வண்ணப் பட்டை, பக்கத்தில் நாள் எண்கள். சாயம் வெளுத்திருந்தாலும் படிக்க முடிந்தது. ஒன்று சிவப்பு. இரண்டு மஞ்சள். மூன்று பச்சை. நாலு நீலம். ஐந்து ஊதா.

“நான் சிவப்பு!” தாடி நெஞ்சில் கை வைத்தார். “முதல் நாளே, முதல் வேளையே உன் மேசை எனக்கு வந்திருக்கணும் சைபர்!”

“அதுல உங்களுக்கு என்ன அங்கிள் அவ்வளவு நஷ்டம்?” என்று மகள் கண்ணைச் சிமிட்டினாள்.

“அது... முப்பது வருஷக் கதை. விடும்மா. உங்க ஆன்ட்டி காதுல விழுந்தா ராத்திரி சாப்பாடு கிடையாது.”

கடிகாரம் மேசையைத் தட்டினார். “விளையாட்டு இருக்கட்டும். சரியான பட்டியலைக் கையில வெச்சுக்கிட்டு ஏன் தப்பான பட்டியலை ஒட்டினான்? ஒரே ராத்திரியில மாத்தியிருக்கான். அதுக்குக் காரணம் வேணும்.”

“இதுக்கு எதுக்குய்யா ஆராய்ச்சி? பொண்ணு மேல கண்ணு. ஒரு வேளையை ரெண்டு வேளையாக்கிட்டான். கூடவே எனக்கு ஆப்பு.”

“நான் ஒத்துக்க மாட்டேன்.” கடிகாரம் தலையை ஆட்டினார். “மீதி அப்படிப்பட்ட ஆள் இல்லை. ஒரு கமா தப்பா இருந்தா ராத்திரி தூங்க மாட்டான். ஒரு வேளை அதிகமா வேணும்னு பதினாறு பேர் கணக்கைக் கெடுப்பானா? பழி வந்தா வரட்டும்னு முப்பது வருஷம் வாயை மூடிக்கிட்டு இருப்பானா? அதான் சரியான கணக்குலயே அவனுக்கு ஒரு வேளை இருக்கே. இதோ, ஊதா. அஞ்சாம் நாள். ஒரு தடவை உக்காந்து பேசினாப் போதும், அந்த ஒரு வேளைக்காக நாலு நாள் பொறுமையாக் காத்துக்கிட்டு இருந்திருப்பான். அவன் சுபாவம் அது.”

அது சரிதான் என்று பலர் தலையசைத்தார்கள். ஜன்னல் வழியாக வந்த சாய்வெயில் மேசைமேல் பரப்பிய பேட்ஜுகளில் விழுந்து, ஊதா நூலைக் கொஞ்சம் பளபளக்க வைத்தது.

அவளுக்கு அந்த வாசல் தெரிந்தது. முக்காலி, கையில் பேட்ஜ், பின்புறத்தில் செருகப்படும் ஊசி. சைபர் இல்லாமல் எந்தக் கணக்கை எங்கே தொடங்குவது என்று நிமிராமல் சொன்னவர், அதற்கடுத்து அவள் சொன்ன வார்த்தைக்குத்தான் நிமிர்ந்தார். நிமிர்ந்தபோதுதான் ஊசி குத்தியது. என்ன சொன்னோம் என்பது இப்போது, அவளுடைய அந்த வயதுக் குரலிலேயே, காதில் விழுந்தது.

வாசலில் கேமராக்காரர் எட்டிப் பார்த்தார். “ரெடியா சார்? வெளிச்சம் போயிடும்.”

“வாங்க, வாங்க” என்று தாடி அவள் தோளைத் தட்டினார். “இந்தத் தடவை ஆள் வெச்சாச்சு. நீ நடுவுல நில்லு. போன தடவை மாதிரி கேமராவுக்குப் பின்னால ஒளிஞ்சுக்காதே.”

அவள் எழுந்திருக்கவில்லை. மகளின் கையிலிருந்த படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பதினைந்து பேர். ஓரத்தில் அவர். கேமராவைப் பார்க்காமல், படத்துக்கு வெளியே எங்கேயோ, வாசல் இருக்கும் திசையில் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்தப் போட்டோவை எடுத்தது சமையல்காரரா, வாட்ச்மேனா, எனக்குத் தெரியாது” என்றாள். “நான் எடுக்கல. முதல் நாளுக்கு முந்தின சாயங்காலம் பேட்ஜை வாங்கும்போதே அவர்கிட்ட மட்டும் சொல்லிட்டேன், ‘நாலாம் நாளே எனக்கு ரயில், அஞ்சாம் நாள் நான் இருக்க மாட்டேன்’னு.”